எனக்கு எதிராக நான் வைத்த வக்கீல்

கொரோனாவுக்கு முந்தின வருஷம் நடந்தது இது. பாளையங்கோட்டை கோர்ட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விவாகரத்து வழக்கு போய்க்கொண்டிருந்தது. விவாகரத்து என்றதும் குடி, அடிதடி, இன்னொரு பொம்பளை என்று உங்கள் மனசு ஓடும். ஓட விடாதீர்கள், அப்படி ஒன்றும் இல்லை. அதனாலேயோ என்னவோ, அந்த நாட்களை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கொஞ்சம் சிரிப்பு வருகிறது, நிறைய ஏக்கம் வருகிறது.

அவர் என் சொந்த அத்தை மகன். அப்பாவின் அக்கா பையன். அடுத்த தெரு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். தீர்ப்பு வந்த பிறகும் அவர் எனக்கு அத்தான்தான், அதை ரத்து செய்ய எந்தக் கோர்ட்டாலும் முடியாது. முன்னீர்பள்ளம் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கல்யாணத்தின்போது அப்பா பத்து சென்ட் நிலத்தை என் பெயரில் எழுதி வைத்தார். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற அந்த நிலத்துக்கு எங்கள் பக்கம் மஞ்சக்காணி என்று பெயர். அதில் வீட்டைக் கட்டியது அத்தான். இரண்டு அறுப்பில் சம்பாதித்ததை முழுசாக அதில் கொட்டினார். நிலம் என்னுடையது, வீடு அவருடையது. சேர்ந்திருக்கிற வரைக்கும் அதை யாரும் யோசித்தது இல்லை.

அத்தானுக்கு நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிற தொழில். சொந்த மிஷின்தான், ஆனால் ஃபைனான்ஸில் எடுத்தது. கார், பிசானம் என்று இரண்டு போக நெல் அறுப்புக்கும் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் போவார். இங்கே முடிந்தால் தஞ்சாவூர், அதுவும் முடிந்தால் ஆந்திரா. மாசக்கணக்கில் ஆளைக் கண்ணில் பார்க்க முடியாது. நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். ஊசி குத்துகிற வேலை. வீட்டில் வாயாலேயே குத்துவேன் என்பது அத்தானுடைய புகார். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னுடைய புகார் வேறு. மிஷினுக்குத் தவணை இடிக்கும்போதெல்லாம் பீரோவிலிருந்து என் நகையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிடுவார். கேட்க மாட்டார். கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேன், அதுதான் என் ஆத்திரம். மூன்றாவது தடவை காலி டப்பாவைப் பார்த்த அன்றைக்கு, அவருடைய துணிமணியை இரண்டு பையில் கட்டி அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். அவர் வந்து ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு ரோஷம், அவருக்கு வீம்பு, இப்படியே எட்டு மாசம் ஓடிவிட்டது.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தானுக்கு வாசிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்தில் ஓடுகிற மிஷின் சத்தத்தைக் கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுகிற ஆள். எழுத்து மட்டும் அவருக்கு ஒரு இடத்தில் நிற்காது, பார்க்கப் பார்க்க நகருகிறது என்பார். கையெழுத்துப் போடுவார், பஸ்ஸை நம்பரை வைத்துக் கண்டுபிடிப்பார். இது வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணாடியை மறந்துவிட்டேன், வெளிச்சம் இல்லை, அவசரமாகப் போகிறேன் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். கண்ணாடியே போடாத ஆள் அவர்! தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், அத்தையும் நானும்.

அதனால் வாசிக்கிற வேலை எப்போதும் என்னுடையது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே, அத்தை வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டுவார். கல்யாணத்துக்கு அப்புறம் ஃபைனான்ஸ்காரர் கடிதம், கரண்ட் பில், மிஷின் கூட வந்த புத்தகம், எங்கள் மகளின் ரேங்க் கார்டு என்று எல்லாமே நான்தான். சாயங்காலம் நான் அடுப்படியில் நின்றபடியே வாசிப்பேன். அவர் நிலைப்படியில் சாய்ந்து, கண்ணை மூடி, இடது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார். மிஷின் இரைச்சலில் வலது காது கொஞ்சம் மந்தம். "அதை இன்னொரு தடவ சொல்லு" என்பார். ஒரு தடவை காதில் விழுந்தது ஒரு வருஷம் கழிந்தாலும் அவருக்கு மறக்காது.

வெளியூர் போனால் காகிதத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவேன். நாங்கள் பேசாமல் இருந்த அந்த எட்டு மாசத்திலும் இது மட்டும் நிற்கவில்லை. போட்டோ வரும், வாசித்து அனுப்புவேன், கூட ஒரு வார்த்தை இருக்காது. இப்படியும் ஒரு சண்டையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சண்டை அப்படித்தான் இருந்தது.

பிரிந்துவிடுவது என்று நான் முடிவு பண்ணினதும் வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வக்கீல் என்றால் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் தாத்தா காலத்து வாய்க்கால் தகராறிலிருந்து எல்லாக் காகிதமும் பாளையங்கோட்டையில் அவர் அலுவலக அலமாரியில் ஒரே கட்டாகக் கிடக்கிறது. என் தாத்தா என்றால் அத்தானுக்கும் தாத்தா, அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா. அதனால் அத்தானும் அங்கேதான் போவார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான், அவர் ஊரில் இல்லாத ஒரு திங்கட்கிழமை, வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போய், சீட்டுப் பணத்திலிருந்து பாதி ஃபீஸைக் கட்டி வக்காலத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். மீதிப் பாதி வழக்கு முடியும்போது. படியிறங்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

பத்து நாள் கழித்து, லேபில் ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கக் கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அத்தானிடமிருந்து போட்டோ. அத்தை வீட்டுக்குத் தபாலில் வந்த காகிதம் என்று குரலில் சொல்லியிருந்தார். "ஏட்டி, இது என்னன்னு பாரு." பார்த்தால், என் வக்கீல் அவருக்கு அனுப்பின நோட்டீஸ்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, என்னைப் பற்றி 'எமது கட்சிக்காரர்' என்று ஆரம்பித்து, அவரைப் பற்றி எழுதியிருந்ததை எல்லாம் அவருக்கே வாசித்து அனுப்பினேன். நகை அடகு, மாசக்கணக்கில் வீட்டுக்கு வராதது, விவாகரத்து, வீட்டில் அவருக்குப் பங்கில்லை என்பது, எல்லாம். கோபத்தில் இருந்ததால் வாசிப்பது சுலபமாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "சரி, கேட்டுட்டேன்." அவ்வளவுதான்.

மறுநாளே அவரும் ஒரு மஞ்சள் பையில் பணத்தை வைத்துக்கொண்டு அதே வக்கீலய்யாவைப் பார்க்கப் போயிருக்கிறார். "உன் வீட்டுக்காரி முந்திட்டாளேப்பா, நீ வேற வக்கீலப் பாரு" என்று ஐயா சொல்லியிருக்கிறார். "வேற வக்கீலா? நமக்கு நீங்கதான?" என்று அத்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். இதை ஐயாவே என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தான் வேறு வக்கீலைத் தேடவே இல்லை. அறிமுகம் இல்லாத ஒருத்தரிடம் போய் உட்கார்ந்தால் முதல் வேலையாகக் காகிதத்தை நீட்டி 'வாசிச்சுப் பாத்து கையெழுத்துப் போடுங்க' என்பார்களே, அந்தப் பயம். அதற்குள் மிஷினுக்கு ஒரு பெரிய செலவு வந்து மஞ்சள் பைப் பணமும் அங்கே போய்விட்டது. வாய்தாவுக்கு வாய்தா தனியாக பஸ்ஸில் வருவார், வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார், பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வக்கீலய்யா பின்னால் கம்பீரமாகப் போவேன்.

பிரிவதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை. மகள் என்னோடு இருப்பதிலும் இல்லை. தகராறு வீட்டில்தான். கட்டின செலவில் ஒரு பங்கையாவது கொடுத்தால் ஃபைனான்ஸ்காரர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போகாமல் காப்பாற்றிவிடலாம் என்பது அத்தான் கணக்கு. மிஷின் போனால் அவர் இன்னொருத்தர் மிஷினில் கூலிக்கு ஏற வேண்டியதுதான். ஆனால் என்னிடம் ரொக்கம் எங்கே இருக்கிறது? வீட்டை வைத்து வங்கியில் கடன் வாங்க வேண்டும். என் சம்பளத்தில் கடனைக் கட்டி மகளையும் படிக்க வைக்க முடியுமா என்ற பயம் எனக்கு. என் அண்ணன் வேறு பக்கத்தில் நின்று தூபம் போட்டான். "ஏளா, ஆளு வக்கீலே இல்லாம வாரான். அவனுக்குப் புத்தி வாரதுக்குள்ள முடிச்சிரணும் பாத்துக்கோ."

வக்கீலய்யா ஒப்பந்தம் ஒன்றைத் தயார் பண்ணினார். மூன்று பக்கம், ஆறு பத்தி. நான் சொன்னபடிதான் எழுதினார். அந்த வாய்தா அன்றைக்கு அவருக்கு இன்னொரு கோர்ட்டில் வழக்கு. காகிதத்தை என் கையில் கொடுத்து, "அவரு முழுசா வாசிச்சுப் பாக்கட்டும். சம்மதம்னா கையெழுத்துப் போடட்டும், இல்லன்னா ஒரு வக்கீலக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார். ஐயாவுக்கும் தெரியாது, அத்தானுக்கு வாசிக்க வராது என்று.

தூணுக்குப் பக்கத்தில் போய் நீட்டினேன். அத்தான் வாங்கி, அப்படியும் இப்படியும் புரட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"ஏட்டி, என்ன போட்டிருக்கு? பைய வாசிச்சுச் சொல்லு."

அவருக்கு எதிரான காகிதத்தை அவருக்கு எதிராக நிற்கிற என்னிடமே தருகிறார். அதில் அவருக்கு விசித்திரமாக ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வாசித்தேன். முதல் பத்தி, எங்கள் பெயர்கள், கல்யாணம் நடந்த கோயில். இரண்டாவது, மகள் என்னிடம் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்ப்பாள். மூன்றாவது, அடகில் இருக்கிற நகையை நான் கேட்க மாட்டேன். நான்காவது பத்திதான் வீடு. கட்டுமானச் செலவு எதையும், எந்தக் காலத்திலும், அவரோ அவருடைய வாரிசுகளோ கோர மாட்டார்கள் என்று எட்டு வரி. அண்ணன் பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஐந்தாவது பத்திக்குப் போய்விட்டேன்.

குரல்கூட நடுங்கவில்லை எனக்கு. இனிமேல் ஒருத்தர் மேல் ஒருத்தர் வழக்குப் போடக்கூடாது என்ற ஐந்தாவதையும், தேதி இடம் எல்லாம் இருந்த ஆறாவதையும் வாசித்து முடித்தேன். அத்தான் கண்ணைத் திறந்தார். "வீட்டப் பத்தி ஒண்ணும் போடலையா?" என்று கேட்டார். "அது அப்புறமா பேசிக்கலாமாம்" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன், இதே வாயால்.

"சரி. எங்கன போடணும்?"

முதல் பக்கத்தின் அடியில் காட்டினேன். கையில் மிஷின் கரி இருந்தால் காகிதம் கெட்டுவிடும் என்று கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். காகிதத்தைத் தூணில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அவர் கையெழுத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதற்கு முன்னால் பெருவிரல்தான். ஃபைனான்ஸுக்குப் போகும்போது கூச்சமாக இருக்கிறது என்று சொன்னாரே என்று, கல்யாணமான புதிதில் மகளுடைய சிலேட்டில், இல்லை, அப்போது மகள் ஏது, அத்தை வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில், ஒரு மாசம் எழுதப் பழக்கினேன். கடைசி எழுத்துக்கு நான் போடுகிற சுழியையே அவரும் போடுவார்.

அந்தச் சுழியைப் போட்டு முடித்து, இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். நான்காவது பத்தி அதில்தான் இருந்தது. நான் காகிதத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"ஒரு பத்தி விட்டுட்டேன் அத்தான்."

"எத?"

வாசித்தேன், எட்டு வரியையும். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"இத்தன வருசத்துல நீ ஒரு எழுத்து விட்டதில்லயேட்டி" என்றார். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி, பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றோடு போட்டோ வருவது நின்றது.

ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். லேபில் போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், வேறு யாராவதாக இருக்கும். ஃபைனான்ஸிலிருந்து வருகிற கடிதத்தை எல்லாம் என்ன பண்ணுகிறாரோ, யாரிடம் காட்டுகிறாரோ, காட்டாமலே மடித்து வைக்கிறாரோ என்று அதே நினைப்பு. கோர்ட்டில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் என்னை நம்பிக் கண்ணை மூடினபோது நான் திருடிவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. சொல்லாமல் நகையை எடுத்தார் என்றுதானே அவரை அனுப்பினேன், நான் செய்தது மட்டும் என்ன?

நேராக வக்கீலய்யாவிடம் போனேன். அத்தானுக்கு ஒரு வக்கீல் வேண்டும், ஃபீஸ் நான் தருகிறேன் என்றேன்.

"என்ன பிள்ள, வெயில்ல வந்ததுல தலை கிறுகிறுங்கா?" என்று ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "எதிர்க்கட்சிக்கு வக்கீல் வைக்கணும்னு எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. இலவச சட்ட உதவி இருக்கு, அங்க போகச் சொல்லு."

அதற்கு மனு நிரப்ப வேண்டும். அத்தானுக்கு யார் நிரப்பித் தருவார்கள்? நான்தான் நிரப்ப வேண்டும், அவர் இனிமேல் என்னிடம் தரமாட்டார். இதை ஐயாவிடம் எப்படிச் சொல்ல முடியும்? "ஏன்னு கேக்காதீங்க ஐயா, நல்ல ஆளா மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். "வக்கீலு நல்லவ. அப்புறம் எங்கிட்ட வந்து அழப்படாது" என்றார்.

அந்த வக்கீலம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். உவரிப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். பேசினால் மூன்று அறைக்குக் கேட்கும். ஃபீஸ் தொகையைச் சொன்னபோது எனக்கு மூச்சு நின்றது. வக்கீலய்யாவுக்குக் கொடுக்க வேண்டிய மீதியையே இன்னும் சேர்த்து முடிக்கவில்லை. பேரம் பேசிப் பார்த்தேன். உங்களோடு சண்டை போடுவதற்கு என்னிடமே குறைக்கச் சொல்கிறீர்களே என்று சிரித்துவிட்டு, பாதியை இப்போது கொடுத்தால் போதும் என்றார். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தார். "யாரு காசு தந்தாலும் நான் அவரு வக்கீலு. உங்களுக்கு ஒரு சலுகையும் கிடையாது பாத்துக்கிடுங்க. இன்னொண்ணு, நீங்க தாரீங்கன்னு அவருகிட்ட சொல்லாம நான் இதை எடுக்க மாட்டேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தான் வீம்புக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்று பயந்தேன். அதற்கு அத்தான் சொன்னதை வக்கீலம்மா பிறகு எனக்குச் சொன்னார். "மஞ்சக்காணி கொண்டாந்தா, இப்பம் வக்கீலும் கொண்டாராளா? சரி, இருந்துட்டுப் போட்டும்" என்றாராம். சொல்லிவிட்டு, இன்னொன்றையும் அவராகவே சொல்லியிருக்கிறார். எனக்கு வாசிக்க வராதும்மா, நீங்கதான் எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லணும் என்று.

ஃபீஸுக்காக ஸ்கூட்டியை விற்றேன். அண்ணன் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாய்தா காலையில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால், அத்தான் நிற்கிறார். வேறு பஸ் கிடையாது. "வண்டி எங்க?" என்றார். வித்தாச்சு என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பஸ் வந்ததும் நான் முன்வாசலில் ஏறினேன், அவர் பின்வாசலில். கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினால், பின்னாலேயே உங்களுக்கும் சேர்த்து எடுத்தாயிற்று என்றார். அவர் எடுத்த டிக்கெட்டில் அவரை விவாகரத்து பண்ணப் போனேன். திரும்பி வரும்போது நான் முந்திக்கொண்டு அவருக்கும் சேர்த்து எடுத்தேன். நாலு மாசம் இப்படியே போய் வந்தோம். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிற காலம் அது, இரண்டு பக்கமும் நாற்று பச்சையாக நிற்கும். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசினது இல்லை. ஆனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து இத்தனை தடவை பஸ்ஸில் போனதே இல்லை. இப்போதும் அந்த பஸ்ஸில் ஏறினால் என் கண் தானாகப் பின்வாசலுக்குப் போகிறது.

வழக்கு சமரச மையத்துக்குப் போனது. அங்கே வக்கீலம்மா என்னை உரித்துவிட்டார்.

"அந்த வீட்டுக்கு ஒரு மூட சிமெண்டாவது நீங்க வாங்குனீங்களா?"

"இல்ல."

"அடகு வச்ச நகைய ரெண்டு தடவ அவரு மீட்டுத் தந்தாரா, இல்லையா?"

"தந்தாரு."

"அத ஏன் நோட்டீஸ்ல போடல?"

வக்கீலய்யா என் பக்கம் சாய்ந்து, "காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தேல்லா, அனுபவி" என்று முணுமுணுத்தார். எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. என் ஸ்கூட்டி என்னையே கேள்வி கேட்கிறதே என்று மனசுக்குள் பொருமினேன். அதே சமயம், அத்தானுக்காக ஒருத்தர் இப்படிக் கத்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மூன்று அமர்வில் முடிந்தது. வீடு எனக்கும் மகளுக்கும். மூன்றாவது தடவை அடகு போன நகையைக் கழித்துக்கொண்டு, அவர் கட்டின செலவில் மூன்று லட்சம் நான் கொடுக்க வேண்டும். வங்கியில் கடன் வாங்கிக் கொடுத்தேன். அதற்கான தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, சில மாசம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கட்டுகிறேன். மிஷின் அத்தான் கையிலேயே நின்றது. வக்கீலம்மாவுக்கு மீதி ஃபீஸைக் கொண்டு போனேன், வாங்கவில்லை. அவளிடம் இனிமேல் வாங்கக்கூடாது, நான்தான் தருவேன் என்று அத்தான் சொல்லிவிட்டாராம்.

கடைசியாகக் கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அதே வராந்தா. பழைய மூன்று பக்கம் இப்போது ஏழு பக்கம் ஆகியிருந்தது. வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்து அத்தானுக்கு வாசித்தார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, 'விளங்குதா அண்ணாச்சி?' என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, இடது காதை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் ஒரு இடத்தில். வக்கீலம்மாவும் சலிக்காமல் இன்னொரு தடவை வாசித்தார்.

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் வாசிக்க வாசிக்க என் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது, அண்ணன் தோளைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏழாவது பக்கம் முடிந்ததும் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தில் அந்தச் சுழியும் இருந்தது. போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "பிள்ளய ஞாயித்துக்கிழம அனுப்பி வையி" என்றார். சரி அத்தான் என்றேன்.

இதை எழுதலாமா என்று மகளிடம் சொல்லி அவரைக் கேட்டேன். பெயர் போடாமல் எழுதட்டும் என்று சொல்லி அனுப்பினார். எழுதி முடித்ததும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள், அது நானாக இருக்காது.

விவாகரத்து உத்தரவு கைக்கு வந்த தேதி எனக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. வேறொருத்தர் வாசிக்க அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் எங்கள் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கிறேன், அதற்கு நானே ஃபீஸ் கட்டினேன் என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் அவருக்கு வாசித்துக் காட்டுகிற அந்த வேலையை இழந்த ஏக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.